கறுப்புப் பக்கத்துக் கால்கள்

கம்ப்யூட்டரின் கரண்ட் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டித் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மாஸ்டர் ஏழு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கேட்டால், "எலி கடிச்சிடும்" என்பார். அந்த எலிக்கு இரண்டு கால், நாற்பது வயது, உறவுமுறையில் சொந்த மச்சினன் என்பதை மட்டும் வெளியே சொல்லமாட்டார்.

மாஸ்டர் என்றால் செருப்பு மாஸ்டர். கால் நேராக இருப்பவர்கள் அவரிடம் வருவதில்லை. அவர்களுக்கு எந்தக் கடையிலும் கிடைத்துவிடும். ஒரு பாதம் நீளம் ஒரு பாதம் குட்டை என்று பிறந்தவர்கள், விபத்தில் குதிகால் நொறுங்கியவர்கள், சர்க்கரை வியாதிக்கு விரலைப் பறிகொடுத்தவர்கள், இவர்கள்தான் அவருடைய ஆட்கள். முதலில் காலை அளந்து, அந்தக் கால் மாதிரியே மரத்தில் ஓர் அச்சு கடைய வேண்டும். அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்துத் தைத்தால்தான் நடக்கும்போது கடிக்காத செருப்பு வரும். மரத்தைக் கடைவது ஒரு மெஷின். மெஷினை ஓட்டுவது அந்தக் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டருக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். புதுசு வாங்கலாமே என்று கேட்கிற புத்திசாலிகளுக்கெல்லாம் மாஸ்டரிடம் ஒரே பதில்தான். மெஷினிலிருந்து வருகிற கேபிள் ஒரு பச்சை அட்டையில் போய்ச் சேருகிறது. அந்த அட்டை இந்தப் பெட்டியைத் தவிர வேறெதிலும் உட்காராது. பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டால் ஒன்றா இரண்டா என்று திரை கேட்கும். ஒன்று என்றால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. மெஷினை ஓட்டுகிற பழைய புரோகிராமும், நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய கால் அளவுகளும் அங்கே இருந்தன. இரண்டு என்றால் படமும் பொத்தானுமாக வருகிற விண்டோஸ். கடிதம் அடிக்க, விலாசம் வைத்துக்கொள்ள. கறுப்புப் பக்கம், படப் பக்கம் என்பார்கள் கடையில். கறுப்புப் பக்கம் மச்சினனுடையது, படப் பக்கம் மாஸ்டருடையது. பாகம் பிரித்து எழுதியதில்லை, பதினைந்து வருஷத்துப் பழக்கம் அப்படி.

மச்சினன் மாஸ்டர் மனைவியின் கூடப் பிறந்த தம்பி. நிதானமான ஆள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் ஒரு டீ குடித்துவிடலாம். ஆனால் ஒரு பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தால் போதும், எந்த எலும்பு எங்கே தூக்கியிருக்கிறது என்று மனதில் எழுதிக்கொள்வான். "மாப்ள கையில ஸ்கேன் மெஷின் இருக்கு" என்று மாஸ்டரே பெருமையடித்த காலம் உண்டு.

அந்தக் காலம் ஏழு மாதத்துக்கு முன்னால் முடிந்தது. மெஷினுக்கு எண்ணெய் போட வந்த ஆளை மச்சினன் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குசுகுசுவென்று பேசினான். மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். புது மெஷின் என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

"என்ன மாப்ள பேசினே அவர்கிட்ட?"

மச்சினன் வழக்கம்போல யோசித்து, "ஒண்ணுமில்ல மாமா" என்றான்.

அந்த ஒண்ணுமில்லதான் வினையாகப் போனது. ஒன்றுமில்லாததற்கு எதற்கு வாசல்வரை போக வேண்டும்? தனிக்கடை போடப் போகிறான், நானூற்றுப் பன்னிரண்டு காலையும் சுருட்டிக்கொண்டு போகப் போகிறான் என்று மாஸ்டர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். தனிக்கடை போடப் போகிறாயா என்று நேரே கேட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கேட்டால் அவர் மாஸ்டர் ஆகமாட்டாரே! அன்று சாயங்காலமே ஒயரைப் பிடுங்கினார். மறுநாளிலிருந்து கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்தார்.

இப்படி இருக்கும்போது மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்து கடை மூன்று நாள் மூடிக் கிடந்தது. திங்கட்கிழமை காலையில் வந்து, ஒயரைச் சொருகி, சுவிட்சைப் போட்டார். திரையின் மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. ஏதோ பொத்தானை அழுத்தச் சொன்னது, அழுத்தினார். ஒன்றா இரண்டா என்றது, ஒன்றை அழுத்தினார். கறுப்புத் திரை வந்தது. எழுத்து வரவில்லை. அணைத்துப் போட்டார், மறுபடியும் அணைத்துப் போட்டார். மூன்றாவது தடவை குப்பை மாதிரி நாலு எழுத்து வந்து அப்படியே உறைந்து நின்றது.

நானூற்றுப் பன்னிரண்டு காலும் போச்சு என்று மாஸ்டர் பதறினார். ஆனால் பாருங்கள், கூடவே ஒரு திருப்தியும் வந்தது. நினைத்தது நடந்துவிட்டதே!

"டேய்! இங்க வாடா!"

பதினைந்து வருஷத்தில் அவர் மச்சினனை டேய் என்று கூப்பிட்டதில்லை. கையில் மரத்தூளோடு அவன் வந்து திரையைப் பார்த்தான்.

"என்னாச்சு மாமா?"

"அதை நீ சொல்லு. கால் எல்லாம் எங்க?"

"எனக்கு எப்படி மாமா தெரியும்? இப்பதானே ஆன் பண்றீங்க."

"மூணு நாள் நான் வரல. இந்த ரூம் சாவி உங்கிட்டயும் எங்கிட்டயும்தான் இருக்கு."

மச்சினன் யோசித்தான். "சாவி இருக்கு மாமா. ஒயர் உங்க வண்டியில இல்ல இருந்துச்சு?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி சந்தேகக்காரனை நிறுத்துமா? மாஸ்டர் அறையைச் சுற்றிலும் பார்த்தார். மூலையில் வெந்நீர்க் கெட்டில் இருந்தது. எழுந்து போய் அதன் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரின் பின்னால் சொருகிப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது.

"பார்த்தியா? கெட்டில் ஒயரை வச்சே வேலையை முடிச்சிருக்கே! அளவையெல்லாம் நகல் எடுத்துக்கிட்டு, இங்க இருந்ததை அழிச்சிட்டு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி நிக்கறே!"

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. கெட்டிலைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து மூடினான். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் இறங்கிப் போய்விட்டான். பதில் சொல்லாமல் போனதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். அவனுக்குப் பதில் வர நேரமாகும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிற்று.

அவன் போனதும் மாஸ்டர் விசாரணையை ஆரம்பித்தார். படப் பக்கம் வழியாக உள்ளே போனார். அது நன்றாகத்தான் வந்தது. அங்கிருந்து கறுப்புப் பக்கத்து டிஸ்க்கைத் திறந்தால் கட்டமும் கோடுமாகப் பேர்கள். இதில் தவறு இருக்கிறது, சரிசெய்யவா என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்டது. சரிசெய்வதில் என்ன கெடுதல்? ஆமாம் என்றார். இன்னொரு தவறு, சரிசெய்யவா? ஆமாம். இன்னொன்று. ஆமாம். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் ஆமாம் ஆமாம் என்று அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில், எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்தப் பெட்டி சொல்லிவிட்டுப் போனது. கால்கள் மட்டும் வரவில்லை. எவ்வளவு கெடுத்திருந்தால் இவ்வளவு நேரம் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலமே அதே படப் பக்கத்தில் உட்கார்ந்து போலீசுக்கு ஒரு புகார் அடித்தார். மச்சினன் பெயர், விலாசம், வயது, எல்லாம் போட்டு அச்செடுத்து மேஜை டிராயரில் வைத்தார். தேதி மட்டும் போடவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த ஒருத்தர் பார்த்து, அழித்தது மச்சினன்தான் என்று எழுதிக் கொடுத்தால் அதையும் சேர்த்துக் கொடுப்பதாகத் திட்டம்.

மனைவிக்கு அது தெரிந்தது. தெரியாமல் இருக்குமா? பாதித் தையல் அந்த அம்மாவுடையது. அதே கடையில் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தாள். டிராயரைத் திறந்து படித்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"என்னங்க, ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த லெட்டர் இந்த வாசலைத் தாண்டிச்சுன்னா, பின்னாடியே நானும் தாண்டிடுவேன்."

"உன் தம்பி திருடன்னு நிரூபிச்சாலுமா?"

"நிரூபிங்க பார்ப்போம்."

அதற்கப்புறம் வீட்டில் அவளுக்கும் அவருக்கும் சாப்பிட வாங்க, போதும் என்ற இரண்டு வார்த்தைகள்தான் ஓடின. பத்து நாள் இப்படியே போனது. ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பஸ் டிரைவர், "உங்க மச்சினன் எங்க? அவர்தானே என் காலைப் பார்ப்பார்?" என்று கேட்டபோது, இவரையும் அவன் வளைத்துவிட்டானோ என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

பதினோராம் நாள் தூசி அக்கா வந்தாள். பழைய கம்ப்யூட்டர்களை மட்டும் ரிப்பேர் பார்க்கிற ஐம்பத்தைந்து வயது அம்மாள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் ஒரு சின்ன பிரஷ்ஷால் தூசி தட்டி, அந்தத் தூசியைக் காகிதத்தில் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்பதால் அந்தப் பேர். திருகாணிகளை எந்த ஓட்டையிலிருந்து எடுத்தாளோ அதே வரிசையில் துணியில் பரப்பி வைத்தாள். மாஸ்டர் நாற்காலியை அவள் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். எழுத்துல வேணும். வேணும்னே அழிச்சிருக்குன்னு."

"நான் பார்த்ததை எழுதுவேன். நீங்க சொல்றதை எழுத மாட்டேன்" என்றாள் தூசி அக்கா, தலையைத் திருப்பாமல்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. எடுத்த எடுப்பிலேயே இப்படிப் பேசுகிறாளே, அவன் ஏற்கெனவே இவளைப் பார்த்துவிட்டானோ?

அடுத்து அவள் செய்த காரியம் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. கறுப்புப் பக்கத்து டிஸ்க்கைக் கழற்றி, தன் பெட்டியிலிருந்து எடுத்த வேறொரு கருவியில் மாட்டினாள்.

"என்ன பண்றீங்க?"

"நகல் எடுக்கிறேன்."

"நகலா? யாருக்கு?"

"எனக்குத்தான். ஒரிஜினலை வச்சு எதையும் முயற்சி பண்ணக் கூடாது. தப்பாப் போச்சுன்னா திரும்பி வர வழி வேணும்ல?"

"அந்த நகல் கடையை விட்டு வெளியே போகக் கூடாது!"

தூசி அக்கா இப்போதுதான் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயா, ஊர்ல இருக்கிறவங்க காலோட அளவை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? வறுத்துத் தின்னவா?"

பக்கத்து அறையில் தையல் மெஷின் நின்றது. மனைவி சிரிப்பை அடக்குகிறாள் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. மெஷின் மறுபடியும் ஓடியது.

நகல் முடிந்ததும் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டாள். மேலே ஆங்கிலத்தில் அந்த வரி வந்து நின்றது. தூசி அக்கா பொத்தானை அழுத்தவில்லை.

"இது எவ்வளவு நாளா வருது?"

"எது? அதுவா? அது சும்மா. ஒரு பொத்தானை அழுத்தினா போயிடும்."

"போயிடும், சரி. என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

மாஸ்டர் படிக்கவில்லை. வழியில் வந்து நிற்கிற எதையும் அவர் படிக்கிற வழக்கமில்லை. அதற்குப் பதிலாகத் தன்னுடைய பெரிய ஆதாரத்தை எடுத்து விட்டார்.

"அக்கா, அதை விடுங்க. தேதியைப் பாருங்க, தேதியை! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒண்ணாம் தேதின்னு காட்டுது. எப்ப அழிச்சான்னு தெரியக் கூடாதுன்னு தேதியையே மாத்தி வச்சிருக்கான். என்ன மூளை பாருங்க!"

தூசி அக்கா டார்ச்சை அடித்து, பெட்டியின் அடியிலிருந்து பொத்தான் அளவு ஒரு பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தாள். மீட்டரை வைத்துப் பார்த்தாள். முள் அசையவே இல்லை.

"செத்துப் போச்சு. கம்ப்யூட்டர் அணைஞ்சிருக்கிற நேரத்துல தேதியையும் இன்னும் சில விஷயத்தையும் ஞாபகம் வச்சுக்கிறது இதுதான். இது செத்தா எல்லாம் மறந்து, மொதல் தேதியில இருந்து ஆரம்பிக்கும். யாரும் மாத்தல. ஆனா ஒண்ணு, பிளக்குல சொருகி இருந்தா கரண்டுலயே சமாளிச்சுக்கும், இது சீக்கிரம் தீராது. நீங்க எப்பவும் சொருகித்தானே வச்சிருக்கீங்க?"

மாஸ்டர் சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தார்.

"ஐயா, உங்களைத்தான்."

"ராத்திரி கழட்டிடுவேன்."

"என்னிக்காவதா?"

"தினமும். ஒயரோட."

"எதுக்கு?"

"எலி" என்றார் மாஸ்டர். குரல் இறங்கிவிட்டது.

தையல் மெஷின் நின்றது. இந்தத் தடவை மறுபடியும் ஓடவில்லை.

தூசி அக்கா புதுப் பேட்டரியைப் போட்டுவிட்டு நிதானமாக விளக்கினாள். அந்தக் கறுப்புப் பக்கத்து டிஸ்க் இந்தக் கம்ப்யூட்டரைவிடப் பழையது. வேறு எதிலிருந்தோ கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள். அதை எந்தக் கணக்கில் படிக்க வேண்டும் என்று நாலு எண்களைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். பேட்டரி செத்ததும் அந்த எண்கள் மறந்துபோய், கம்ப்யூட்டர் தானாக வேறு எண்களைப் போட்டுக்கொண்டது.

"தெருவுல வீட்டு நம்பரையெல்லாம் மாத்திட்டா தபால்காரர் என்ன பண்ணுவார்? வீடு அங்கேயேதான் இருக்கும். லெட்டர்தான் தப்பா போகும். அந்த மாதிரி."

"அப்ப... கால் எல்லாம் அங்கேயேதான் இருக்கா?"

"இருக்கணும். பழைய நம்பர் வேணும், அவ்வளவுதான். டிஸ்க்கோட மொதல் வரியிலேயே அதைக் குறிச்சிருக்கும்."

நகலின் அந்த முதல் வரியை எண்களாகத் திரையில் கொண்டுவந்து, பென்சிலால் காகிதத்தில் பெருக்கிக் கழித்து, நாலு எண்களைக் கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டரில் எழுதினாள். சுவிட்சைப் போட்டாள். ஒன்றா இரண்டா? ஒன்று. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக இறங்கின. மெஷினின் பழைய புரோகிராம் வந்து நின்றது. மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆமாம், உள்ளதைச் சொல்வதில் என்ன. பட்டியலைத் திறந்தார்.

பதினெட்டுப் பேர் இருந்தார்கள்.

"மீதி?"

தூசி அக்காவும் குனிந்து பார்த்தாள். பட்டியலை மூடிவிட்டு வேறெங்கோ போய்த் தேடினாள். அவள் முகம் மாறியது. திரை முழுக்க ஃபைல் 0001, ஃபைல் 0002, ஃபைல் 0003 என்று ஓடிக்கொண்டே இருந்தது. முந்நூற்று நாற்பத்தேழில் போய் நின்றது.

"ஐயோ" என்றாள். "இதை யாரோ சரிசெஞ்சிருக்காங்க."

"சரிசெஞ்சா நல்லதுதானே?"

"நம்பர் தப்பா இருக்கும்போது சரிசெய்யக் கூடாதுங்க. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. சரியா இருந்ததைத் தப்புன்னு நினைச்சு, சரிசெய்யறேன்னு ஒவ்வொரு காலா பேரைக் கிழிச்சு எறிஞ்சிருக்கு. நாப்பது அம்பது அடியோட போச்சு. மீதியில கால் இருக்கு, யாரோட கால்னு இல்ல."

மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். போன தைரியம் திரும்பி வந்தது. "சொன்னேனா இல்லையா? பேட்டரி செத்ததாவே இருக்கட்டும். ஆனா பேரைக் கிழிச்சது மனுஷன்தானே? எழுதுங்க அக்கா! அவன்தான்!"

"இருங்க." தூசி அக்கா இன்னொரு சின்ன ஃபைலைத் திறந்தாள். சரிசெய்கிற அந்தப் பெட்டி தான் செய்ததையெல்லாம் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தது. மேலே தேதி இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று.

"இந்தத் தேதி பேட்டரி சாகறதுக்கு முன்னாடி வராது. அதாவது இந்தக் காரியம் நடந்தது நீங்க சொன்ன அந்தத் திங்கட்கிழமை, இல்லைன்னா அதுக்கு அப்புறம். அன்னிக்கு மேல இந்த நாற்காலியில உட்கார்ந்தது யாரு?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். திங்கட்கிழமை காலையில் மச்சினன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. சாப்பிடாமல் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று அழுத்தியது ஞாபகம் வந்தது. ஆட்காட்டி விரலைப் பார்த்தார். அது அவருடைய விரல்தான்.

"ஐயா?"

"நான்தான்" என்றார்.

மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நேராக மேஜைக்கு வந்து, டிராயரைத் திறந்து, புகார்க் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. இப்ப கொண்டுபோய்க் குடுங்க. பேரை மட்டும் மாத்திக்குங்க."

தூசி அக்கா தன் பிரஷ்ஷையும் திருகாணிகளையும் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். சொன்னபடியே பார்த்ததை எழுதிக் கொடுத்தாள்: பேட்டரி தீர்ந்தது, அதற்குப் பிறகு உரிமையாளர் தவறாகப் பழுது நீக்கியது. கீழே கையெழுத்து. போகிறபோது வாசலில் நின்று, "பேர் இல்லாத காலுக்கெல்லாம் பேர் வைக்கணும்னா, பார்த்த உடனே இது இன்னார் கால்னு சொல்ற ஆள் வேணும். அப்படி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

ஒரே ஓர் ஆள்தான் இருந்தான்.

அன்று மத்தியானமே மாஸ்டர் போனார். மச்சினன் வீட்டில் அவன்தான் கதவைத் திறந்தான். பத்து நாளில் இளைத்திருந்தான். வாங்க என்றான், நாற்காலியை இழுத்துப் போட்டான், தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அந்த மரியாதையே மாஸ்டருக்கு முள்ளாகக் குத்தியது. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"பேட்டரிதான் மாப்ள" என்றார். "அப்புறம் நானே கெடுத்துட்டேன். உன்மேல ஒண்ணுமில்ல."

"எத்தனை கால் போச்சு மாமா?"

முதலில் அதைத்தான் கேட்டான். மாஸ்டர் சொன்னார். மச்சினன் தலையில் கைவைத்துக்கொண்டான். பஸ் டிரைவருக்கு அடுத்த மாசம் புது ஷூ வேண்டும், பள்ளிக்கூட டீச்சருக்கு வலது கால் புண் ஆறவில்லை, பழைய செருப்பைப் போட்டால் மறுபடியும் கிளறும் என்று அவன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். அவ்வளவு வேகமாக அவன் பேசி மாஸ்டர் கேட்டதேயில்லை.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

"மாப்ள, கோச்சுக்காதே. அன்னிக்கு மெஷின்காரர்கிட்ட என்னதான் பேசினே?"

மச்சினன் அவரை நிமிர்ந்து பார்த்தான். பதில் வர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது.

"நம்ம மெஷின் நின்னுபோனா வேற வழி இருக்கான்னு கேட்டேன் மாமா. இல்லைன்னு சொல்லிட்டார். அதை உங்ககிட்ட சொன்னா தூங்க மாட்டீங்கன்னுதான் ஒண்ணுமில்லன்னேன்."

"சொல்லியிருக்கலாமேடா."

"இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே மாமா." குரல் உயரவேயில்லை. "இப்ப பேட்டரின்னு தெரிஞ்சுது, வந்தீங்க. அந்த அம்மா கண்டுபிடிக்காமப் போயிருந்தா நான் யாரு?"

மாஸ்டர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். கடைசியில் மச்சினனே, "நாளைக்கு வர்றேன். கால்காரங்க என்ன பாவம் பண்ணாங்க" என்றான்.

மறுநாள் வந்தான். கறுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபைல் 0001ஐத் திறந்தான். கோடுகளாக ஒரு பாதம் திரையில் சுழன்றது. ஒரு சுற்று பார்த்தான். "சுண்டுவிரல் மேல ஏறி நிக்குது. மார்க்கெட் பின்னாடி இருக்கிற தையற்காரம்மா." மாஸ்டர் எழுதிக்கொண்டார். "இது டீச்சர், வலது. பெருவிரல் இல்ல." எழுதிக்கொண்டார். "இது குட்டைக் கால், ஆனா வளைவு நல்லா இருக்கு. அந்தத் தபால்காரர் பொண்ணு. இப்ப வளர்ந்திருப்பா, மறுபடியும் அளக்கணும்." சில கால்களுக்கு இரண்டு சுற்று தேவைப்பட்டது. சிலவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விரல்களால் குதிகாலைத் தடவிப் பார்த்தான். மனைவி இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது தடவை மாஸ்டரிடமும் ஒரு வார்த்தை பேசினாள். சாயங்காலத்துக்குள் நூற்றுப் பதினாலு கால்களுக்குப் பேர் வந்திருந்தது. இப்படி ஒருத்தனையா சந்தேகப்பட்டோம் என்று மாஸ்டருக்கு மனசு குமைந்தது. அன்று ஒயரைப் பிடுங்காமல் சுவரிலேயே விட்டுவிட்டார்.

ஆறு மணிக்கு மச்சினன் எழுந்து சட்டையை உதறிக்கொண்டான். தோள்பையை எடுத்தான். வாசலுக்குப் போகாமல் மாஸ்டரின் மேஜைக்கு வந்து, பையின் வாயை அகலத் திறந்து அவர் முன்னால் வைத்தான்.

"பார்த்துக்குங்க மாமா."

"என்ன மாப்ள இது? மூடு."

"இல்ல மாமா. தினமும் பார்த்துட்டே அனுப்புங்க. நாளைக்கு மறுபடியும் ஏதாவது ஒண்ணு செத்துப்போகும். அப்ப எனக்கு இது உதவும்."

"உன்னை நம்பறேன்டா. சத்தியமா நம்பறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் கண் போய்விட்டது. சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, மடித்த செய்தித்தாள். செய்தித்தாளுக்கு அடியில் என்ன இருக்கும் என்று அந்தக் கண் இன்னும் ஒரு நொடி அங்கேயே நின்றது.

நிமிர்ந்தபோது மச்சினன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். செய்தித்தாளை வெளியே எடுத்து, பிரித்து, அவருக்கு நேரே இரண்டு தடவை உதறிக் காட்டிவிட்டு, மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போனான்.